அரைமில்லி அண்ணனின் ஏழாம் நிலை

எங்கள் கடையில் அவருக்கு அரைமில்லி அண்ணன் என்று பெயர். வைத்தது நான்தான். கண்ணாடிக் கடையின் முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்ணைச் சோதித்துச் சீட்டு எழுதுவது என் வேலை. அந்தச் சீட்டைப் பார்த்துப் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து பிரேமுக்குள் உட்கார வைப்பது அவர் வேலை. இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று நான் அளந்து அனுப்பினால், சீட்டும் கையுமாக எழுந்து வருவார். "இன்னொரு தடவ அளந்து பாரும்மா. பழைய கண்ணாடியோட அரை மில்லி இடிக்குது." வந்தவர் நெளிவார், முதலாளி முறைப்பார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு அளப்பேன். பத்துக்கு எட்டு தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். மீதி இரண்டு தடவை நான் விட்டுக்கொடுத்திருப்பேன்.

பதினாறு வருஷம் அப்படி ஓடிற்று. மதியச் சாப்பாடு பின்னறையில், தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். மேஜையெல்லாம் லென்ஸ் பொடி மாவு போலப் படிந்திருக்கும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு டப்பாவைத் திறப்போம். அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் அளவு பிசகாமல் சொல்வார். இங்கே எழுதுவதில் பாதி அப்படிக் கேட்டது. கொஞ்சம் என் கண்ணால் பார்த்தது.

வீட்டில் மூன்று பேர். அவர், அவர் மனைவி, மனைவியின் அப்பா. பிள்ளைகள் இல்லை. அண்ணி ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். கடைப் பலகையில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருகிற ரகம். இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்தவர் கெட்டிக்காரர்தான் என்று நான் கிண்டல் செய்வேன். மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பத்தோரு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. நடந்து போகும்போதுகூடத் தெருமுனை வந்தால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ஒருமுறை இருமிவிட்டுத்தான் திரும்புவார். அந்த இருமல்தான் ஹாரன் என்பார் அண்ணி.

மாமனாருக்கும் மருமகனுக்கும் ஆகாது. எலியும் பூனையும் என்று சொல்ல முடியாது. அவையாவது ஒன்றையொன்று துரத்தும். இவர்கள் ஒரே கூடத்தில் போட்ட இரண்டு நாற்காலிகள் மாதிரி இருந்தார்கள். நடுவில் அண்ணிதான் தபால்காரர். "அப்பா குளிச்சாச்சான்னு கேக்கறார்." "அவர் இன்னிக்கு லேட்டாகும்னு சொல்லச் சொன்னார்." இரண்டு பேரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே இப்படி.

அண்ணிக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்தபோது நாற்பத்திரண்டு வயது.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கடுமையான மருந்து. தனி அறை, வெளியாள் யாரும் தொடக்கூடாது, கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று போனில் பேசலாம். நூற்றில் பன்னிரண்டு பேர் பிழைத்து வருகிறார்கள். இன்னொன்று, வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது. ஏழெட்டு மாதம் இருக்கலாம். டாக்டர் அறைக்கு வெளியே மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "பெரிய வைத்தியமே பாத்துடலாம்" என்றார் அண்ணன். அண்ணி சரி என்று தலையை ஆட்டினார். மாமனார் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு வாரம். வேலை முடிந்ததும் அண்ணன் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அண்ணி தூங்கும் நேரத்தில் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறப்பார். அதில் ஒரு விளையாட்டு. ஒரு சின்னக் கிராமத்தில் ஆரம்பித்து, வயல் போட்டு, சாலை போட்டு, நகரம் கட்டி, பக்கத்து நாடுகள் விழுங்காமல் கடைசிவரை தாக்குப்பிடிக்க வேண்டும். சதுரங்கம் மாதிரிதான்: நாம் ஒரு முறை நகர்த்தினால் கணினி ஒரு முறை நகர்த்தும், அவசரம் கிடையாது. ஒரு ஆட்டம் முடிய வாரக்கணக்கில் ஆகும். பெண் உள்ளே கிடக்க, மருமகன் வெளியே பொம்மை ஊர் கட்டிக்கொண்டிருப்பதை மாமனார் பார்த்தார். அன்றைக்கு மனதில் என்ன நினைத்தார் என்பதைப் பின்னால் அவரே சொன்னார்: "அந்தப் பெட்டியத் தூக்கி மாடியிலேர்ந்து போட்டுடலாம்னு இருந்துச்சு."

நாற்பத்தொன்பதாம் நாள் அண்ணி போய்விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலேயே.

அதன்பிறகு வீட்டில் தபால்காரர் இல்லை. மூன்று மாதம் அந்த இரண்டு ஆண்களும் பேசியதை ஒரு தாளில் எழுதிவிடலாம். தண்ணீர் வந்தது. பால் வந்தது. கதவைப் பூட்டியாயிற்று. மாமனார் தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. ஏன் என்று அண்ணனும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் ஓர் இருமல்.

"அந்த எடத்துல பாலம் கட்டாதீங்க, மாப்பிள்ளை."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு எத்தனை நேரமாக உட்கார்ந்திருந்தாரோ தெரியாது.

"ஏன் மாமா?"

"வளைவு முடியற எடத்துல பாலம். எதிர்ல வர்றவன் தெரியமாட்டான்."

அண்ணன் பாலத்தை நாலு கட்டம் தள்ளிக் கட்டினார். அப்படித்தான் ஆரம்பித்தது.

அடுத்த வாரம் புதிதாக ஆட்டம் தொடங்கினார்கள். தொடங்கும் முன் ஒரு பக்கம் வரும். நாம் ஆடப்போகும் உலகத்தை அங்கேதான் தீர்மானிக்க வேண்டும். நிலம் ஒரே துண்டா, தீவுகளா. எத்தனை எதிரி நாடுகள். மண் வளமா, வறட்சியா. காட்டிலிருந்து கொள்ளைக்காரர்கள் வரலாமா, கூடாதா. தப்பாக நகர்த்தினால் பழைய இடத்துக்குத் திரும்பலாமா, கூடாதா. எல்லாவற்றுக்கும் கீழே, கடினம்: ஒன்று முதல் ஏழு வரை. மாமனார் அந்த ஏழுக்கும் தானே பெயர் வைத்தார். முதல் நிலை 'எல் போர்டு'. நாலாவது 'டவுன் பஸ்'. ஏழாவது 'பிரேக் இல்லாத வண்டி'.

அந்த ஒரு பக்கத்தைத் தாண்டவே ஒரு மணி நேரமாகும்.

"எத்தன எதிரி வைக்கலாம், மாமா?"

"ஒண்ணு போதும்."

"ஒண்ணு வச்சா அது விளையாட்டே இல்ல."

"சரி, ரெண்டு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. அதுங்களுக்குள்ள அடிச்சுக்கட்டும்."

"அப்படிக் கேக்க முடியாது மாமா. யார எங்க வைக்கறதுன்னு அதுதான் முடிவு பண்ணும்."

"அப்ப நடுவுல நெறைய கடல் வைங்க. கொள்ளைக்காரன் வேணாம். மண்ணு நல்ல மண்ணா இருக்கட்டும். எதுக்கு வம்பு?"

அண்ணனுக்கு இதெல்லாம் வேப்பங்காய். அவர் வைத்தால் சின்ன நிலம், எட்டு எதிரி, வறண்ட மண், கொள்ளைக்காரர்கள் உண்டு, திரும்பிப் போகும் வசதி கிடையாது, ஏழாவது நிலை. கடைசியில் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு ஆட்டம் மாமனார் சொல்கிற உலகம், அடுத்தது மருமகன் சொல்கிற உலகம். மாமனாருடைய உலகத்தில் எப்போதும் ஜெயித்தார்கள். அதில் நடப்பதெல்லாம் அறுவடையும் சாலை பழுதுபார்ப்பும்தான் என்று அண்ணன் அலுத்துக்கொள்வார். மருமகனுடைய உலகத்தில் எப்போதும் தோற்றார்கள். ஏழாவது நிலையில் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை.

ஆனாலும் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். "நேத்து மாமா துறைமுகத்துல போக்குவரத்த ஒழுங்குபடுத்தறேன்னு மூணு கப்பல முட்ட விட்டுட்டார்" என்று சொல்லும்போது சிரிப்பு வந்துவிடும். நான் மனதுக்குள் அண்ணியிடம் சொல்லிக்கொள்வேன், பரவாயில்லை, பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு அந்த ஞாயிறு வந்தது.

அன்றைக்கு மருமகன் முறை. பாதி ஆட்டத்திலேயே தலைநகரம் விழுந்துவிட்டது. அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் தொடக்கப் பக்கத்துக்குப் போய் மறுபடியும் அதே உலகத்தை வைக்கத் தொடங்கினார். எட்டு எதிரி. வறண்ட மண். ஏழு.

"இப்ப என் முறை, மாப்பிள்ளை."

"இது ஒண்ணு மட்டும் மாமா. அடுத்தது ரெண்டு தரம் நீங்க வைங்க."

"இதுல எத்தன தடவ தோத்தாச்சு?"

"பதினேழு."

"எண்ணிட்டு வேற இருக்கீங்களா?"

"ஜெயிக்க முடியும் மாமா. ஜெயிச்சவங்க இருக்காங்க."

"இருப்பாங்க. ஆயிரத்துல ஒருத்தன்."

"ஆயிரமெல்லாம் இல்ல. நூத்துக்குப் பன்னெண்டு பேர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அண்ணனுக்கு உறைத்தது. விளையாட்டில் அப்படி ஒரு கணக்கு எங்கும் கிடையாது. அந்த எண்ணைச் சொன்னவர் டாக்டர். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

மாமனார் படிக்கும் கண்ணாடியைக் கழற்றி மடித்தாராம். பிறகு சொன்னார்.

"அவ எங்கிட்ட சொன்னா, மாப்பிள்ளை. ஆறாவது வாரம். நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து போன்ல, 'போதும்பா, வீட்டுக்குப் போயிடலாம், அவர்கிட்ட நீங்க எடுத்துச் சொல்லுங்க'ன்னா. சரிம்மான்னு தலைய ஆட்டினேன்."

அண்ணன் மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தார்.

"சொல்லல."

"ஏன் மாமா?"

"அந்தப் பன்னெண்டு பேர்ல நம்ம பொண்ணும் ஒருத்தியா இருந்துடக் கூடாதான்னு ஒரு நப்பாசை. முப்பத்தோரு வருஷம் மஞ்ச வெளக்குக்கே வண்டிய நிறுத்தினவன் நான். அன்னிக்கு நிறுத்தல."

அண்ணன் மடிக்கணினியை மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பத்தொன்பது நாள் அவர் மாமனாரோடு பேசவில்லை. என்னோடும்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, இரண்டு வாய் உண்டு, மூடிவிடுவார். என்ன ஆயிற்று என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, வயிறு சரியில்ல." இருபதாம் நாள் காலையில் ஒரு டீச்சரம்மா, செய்யக் கொடுத்திருந்த கண்ணாடியை வாங்க வந்தார். சாய்வுப் பார்வைக்கான லென்ஸ். அதைச் சரியான கோணத்தில் உட்கார வைக்க வேண்டும். மாறினால் தரையே சரிந்த மாதிரி தெரியும். டீச்சரம்மா மாட்டிக்கொண்டார், எழுந்தார், "ஐயோ" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டார். எடுத்து அளந்து பார்த்தோம். பத்து டிகிரியில் இருக்க வேண்டியது நூறில் இருந்தது. அரை மில்லிக்கு அடித்துக்கொள்கிற மனிதர், லென்ஸைக் குறுக்கே மாட்டியிருக்கிறார்.

முதலாளி திட்டக்கூட இல்லை. அந்தக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ கூடப் போய் வீட்ல விட்டுட்டு வாம்மா" என்றார் என்னிடம்.

வழியில் பஸ்ஸில் அத்தனையையும் சொன்னார். அந்த ஞாயிறு மாமனார் சொன்னது, பத்தொன்பது நாள் பேசாமல் இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே மாமனார், மூக்கு நுனியில் படிக்கும் கண்ணாடியோடு, மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரே விரலால் ஒவ்வொரு பொத்தானாகத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தார். திரையில் ஒரு கிராமம் எரிந்துகொண்டிருந்தது. அது ஏழாவது நிலை என்று கண்டுபிடிக்க எனக்கு விளையாட்டுத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். எட்டு எதிரி, வறட்சி, கொள்ளைக்காரன் உண்டு, திரும்ப முடியாது, ஏழு.

"என்ன மாமா பண்றீங்க?"

பத்தொன்பது நாளில் அதுதான் முதல் பேச்சு. பெரியவர் திருட்டுத்தனமாய்த் தின்று பிடிபட்டவர் மாதிரி எழுந்து நின்றார்.

"சும்மாதான்... எப்படித்தான் இருக்குன்னு பாக்கலாம்னு."

"தனியாவா?"

"காலையிலேர்ந்து மூணு தடவ. நாப்பது முறை நகர்த்தறதுக்குள்ள முடிஞ்சுடுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க பேசாம இருக்கறது ஞாயந்தான் மாப்பிள்ளை. நான் தப்பு சொல்லல. தங்கச்சி வீட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழம..."

"அவ எங்கிட்டயும் சொன்னா, மாமா."

மாமனார் துடைப்பதை நிறுத்தினார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடியே. ரெண்டு தடவ. நாலாவது வாரம் ஒரு தடவ, அஞ்சாவது வாரம் ஒரு தடவ. 'இன்னும் ஒரே வாரம் பொறுத்துக்கோ'ன்னு சொன்னேன். ரெண்டாவது தடவ அவ எதுவுமே சொல்லாம போன வச்சுட்டா." அண்ணன் தரையில் உட்கார்ந்தார். "நீங்க சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன். உங்க மேல கோவமில்ல மாமா. இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இத்தன நாளா..."

நான் வாசல்படியிலேயே நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

"அப்போ அவ ரெண்டு பேர்கிட்டயும் கேட்டிருக்கா" என்றார் மாமனார்.

"ஆமா."

"ரெண்டு பேரும் செய்யல."

மாமனார் என் பக்கம் திரும்பி, "உள்ள வாம்மா, டீ போடறேன்" என்று அடுக்களைக்குப் போனார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. மறுபடியும், மறுபடியும். நாலு குச்சி வீணான பிறகு நான் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் அண்ணன் அழுகிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் போய்த் தேற்றத் தெரியவில்லை.

தங்கை வீட்டுப் பயணம் நின்றுபோயிற்று. ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியதாம். இப்போது பேரம் கிடையாது. நாலு எதிரி, சுமாரான மண், டவுன் பஸ் நிலை. யாரும் எதையும் கேட்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஜெயித்தார்கள். "ஜெயிச்சதா அது சொல்லுச்சு" என்றார் அண்ணன். "ரெண்டு பேரும் சும்மா பாத்துட்டிருந்தோம். அப்புறம் மாமா கொடியில காஞ்ச துணிய எடுக்கப் போயிட்டார்." சண்டை போட்டு உலகத்தை வைத்த காலத்தில் இருந்த ருசி அதற்குப் பிறகு வரவில்லை. ஆனாலும் விடவில்லை. வேறு என்ன செய்வார்கள் அந்த வீட்டில்?

அடுத்த வருஷம் மாமனாருக்கு நெஞ்சு வலி வந்தது. அதே ஆஸ்பத்திரி, வேறு மாடி. டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு ஆபரேஷன் பற்றிச் சொன்னார். அண்ணன் முழுதும் கேட்டுக்கொண்டு, "அவரையே கேட்டுச் சொல்றேன்" என்று திரும்பி வந்தார். நான் அன்றைக்குப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒன்றுவிடாமல், அளவு பிசகாமல், டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் சொன்னார். செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன, எத்தனை நாள் படுக்கை, எத்தனை வாய்ப்பு.

"உங்களுக்கு என்ன வேணும், மாமா? நீங்க சொல்றதுதான்."

பெரியவர் யோசிக்கவே இல்லை. "வீடு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"வீட்டுக்குப் போலாம் மாப்பிள்ளை."

கூட்டிக்கொண்டு போனார். கடையில் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலையில், ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தபடியே மாமனார் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் வேலைக்கு வந்தார். சாப்பாட்டு நேரத்தில் மேஜையைத் துடைத்துக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னார். "ஆபரேஷன் பண்ணியிருந்தா நூத்துக்கு எழுபதுன்னாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் சொன்னபோது நானும்தான் கேட்டேன். ஆனால் அந்த எண் என் காதில் தங்கவில்லை. "அவர் கேட்டதத்தானே அண்ணே செஞ்சீங்க?"

"ஆமா. அவர் கேட்டதத்தான் செஞ்சேன்." துணியை மடித்து வைத்தார். "அவளுக்கு அவ கேட்டதச் செய்யல. ரெண்டும் உறுத்துது. எது சரின்னு எனக்குத் தெரியலம்மா."

நான் அவர் டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

இப்போது அவர் தனியாகத்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டேன். இரண்டு வாரம் வந்தார். என் மாமியாரோடு கண் வலியைப் பற்றிப் பேசினார், என் வீட்டுக்காரரோடு மழையைப் பற்றிப் பேசினார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். மூன்றாவது வாரம் வரவில்லை. திங்கட்கிழமை கேட்டபோது, "வீட்ல வேல இருந்துச்சும்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.